அந்த இரண்டாவது கயிறு: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நம் பிளாக்குகளின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையின்போது, ஏ பிளாக் ஏழாவது மாடியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள் இறங்கின. ரப்பர் செருப்புப் போட்ட கால்கள். அடுத்து ஒரு பலகை, பலகையின் ஓரத்தில் தொங்கிய பிரைமர் வாளி, கடைசியாக இருபது வயதைத் தாண்டியிருக்காத ஒரு முகம். என் மூன்று வயதுப் பேத்தி கையசைத்தாள். அவனும் கையசைத்தான். அதற்காகக் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே கண்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்தப் பையனைத் தாங்கிய கயிறு ஒன்றே ஒன்று. வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு, கிணற்றில் வாளி கட்டுகிற ரகம். அதன் முனை சூரிய வெந்நீர்த் தொட்டியின் ஸ்டாண்டில் கட்டப்பட்டிருந்தது. அந்த ஸ்டாண்டைத் தளத்தோடு பிணைத்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் இரண்டுக்கு நட்டே இல்லை. மற்ற இரண்டும் துரு. கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே இறங்கும் இடத்தில், சிமென்ட் விளிம்பு அறுக்காமல் இருக்கச் சாக்கு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். சாக்கு நகர்ந்து அரை அடி தள்ளிக் கிடந்தது. விளிம்பில் கயிறு நேராக உரசிக்கொண்டிருந்தது. முடிச்சுக்குக் காவல் இருக்க வேண்டிய ஆளைக் காணவில்லை. டீ வாங்கப் போயிருந்தார்.

பெல்ட் போட்டிருந்தானே என்பீர்கள். போட்டிருந்தான். இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட். அதன் கொக்கியைப் பலகையைத் தாங்கும் அதே கயிற்றில் மாட்டியிருந்தான். கயிறு அறுந்தால் பலகையும் போகும், பெல்ட்டும் போகும், அவனும் போவான். 'தொழிலாளர்கள் அனைவரும் சேஃப்டி பெல்ட் அணிந்தே பணிபுரிகிறார்கள்' என்று நீங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கு எழுத்து உண்மைதான்.

எடை ஏறிய கயிற்றைத் தூக்கிச் சாக்கை உள்ளே தள்ள என்னால் முடியவில்லை. எட்டிப் பார்த்து, கீழே இறங்கிவிடு என்று சைகை காட்டினேன். இரும்புக் கொக்கியில் சுற்றிய கயிற்றைக் கைப்பிடியாலேயே நழுவவிட்டு அவன் தரையில் கால் வைக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. கீழே போய்ப் பேசினேன். மேற்கு வங்கத்து மால்டா பக்கம். தமிழ் கொஞ்சம், இந்தி கொஞ்சம். "உன்னுடைய இரண்டாவது கயிறு எங்கே?" என்று கேட்டேன். கேள்வி அவனுக்குப் புரியவில்லை. மொழிச் சிக்கல் போலும் என்று இரண்டு விரலைக் காட்டினேன். சிரித்துவிட்டான். இரண்டு கயிறு இருந்தால் இரண்டு பேர் தொங்கலாமே என்றான்.

இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. 2008 முதல் 2019 வரை பதினோரு ஆண்டு சிங்கப்பூரில் கயிற்றில் தொங்கிச் சம்பாதித்தவன் நான். கண்ணாடி துடைத்திருக்கிறேன், சுவர் விரிசலுக்குச் சீலண்ட் அடைத்திருக்கிறேன், உதிரும் ஓடுகளைத் தட்டிப் பார்த்துக் குறி போட்டிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஊர் திரும்பினேன். என் சான்றிதழ் காலாவதியாகி வெகுநாள் ஆகிறது. ஆகவே இந்த வேலையை எனக்குப் பிடித்துத் தரும்படி கேட்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வீடு மகள் பெயரில் இருப்பதால் சங்கத்தில் எனக்கு ஓட்டும் இல்லை. ஓட்டில்லாதவன் மடல்தான் எழுத முடியும்.

செவ்வாய்க்கிழமையே புகைப்படங்களோடு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஆறு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். வியாழக்கிழமை நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். வெள்ளிக்கிழமை முடிவு வெளியானது: சுவரிலிருந்து பெயிண்ட் சொட்டுவதால், கீழே நிறுத்தியிருக்கும் கார்களுக்கு உறை வாங்க 18,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. கயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. செயலாளரை நேரில் பார்த்தேன். "இருபது வருடமாக இதே தொழில் செய்பவர்கள், நமக்கென்ன சார்?" என்றார். மழைக்கு முன் நான்கு பிளாக்கும் முடிந்தாக வேண்டும், இப்போது நிறுத்த முடியாது என்றும் சொன்னார்.

கார் உறைத் தீர்மானம் வந்திராவிட்டால் ஒருவேளை நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கவனிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் மேலே பார்த்திருக்கிறீர்கள். பார்த்து, சொட்டுகிற பெயிண்டை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

நான் கயிற்றுக்கு எதிரி அல்லன். அதில்தான் பதினோரு வருடம் சோறு தின்றேன். பதினான்கு மாடிக்குச் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. இரும்புச் சாரம் கட்டினால் மாதக் கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியாது, செலவும் எகிறும், திருட்டுப் பயம் வேறு. கயிற்றில் இறங்கினால் காலையில் கட்டி மாலையில் அவிழ்த்துவிடலாம். 2011 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் வாஷிங்டன் நினைவுத் தூண் விரிசல் விட்டபோது, 555 அடி உயரத் தூணின் உச்சியிலிருந்து பொறியாளர்களே கயிற்றில் இறங்கிக் கல் கல்லாகப் பரிசோதித்தார்கள். முறையாகச் செய்தால் உயரத்தில் வேலை பார்க்க இது நல்ல வழி. நம் பணி ஆணையிலும் 'ரோப் ஆக்சஸ் முறை', அதாவது கயிற்றில் இறங்கி வேலை பார்க்கும் முறை, என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டுவிட்டு ஊஞ்சல் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

ஐராட்டா என்று ஓர் அமைப்பு. 1980களின் இறுதியில் பிரிட்டனில், கடலுக்குள் நிற்கும் எண்ணெய்த் தளங்களில் பராமரிப்பு வேலை பார்த்த நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதன் முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். அதன் உயிர்நாடி எளிது. ஓர் ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று வேலைக் கயிறு, அதில்தான் அவன் உட்கார்ந்து இறங்குவான், ஏறுவான். மற்றது காப்புக் கயிறு. அதில் எடை இருக்காது. காப்புக் கயிற்றில் ஒரு சிறு கருவி அவனோடு கூடவே நகரும், திடீரென்று வேகம் கூடினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கயிற்றுக்கும் தனித்தனிப் பிடிமானம் வேண்டும். ஒவ்வொரு பிடிமானமும் சுமார் ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஒன்று போனாலும் ஆள் போகக் கூடாது, அவ்வளவுதான் தத்துவம். கயிறு பதினொரு மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். உள்ளே நூற்கற்றை, வெளியே பின்னிய உறை, அதிகம் நீளாத ரகம். கிணற்றுக் கயிற்றோடு அதை ஒப்பிடுவது குழந்தையின் முச்சக்கர வண்டியை லாரியோடு ஒப்பிடுவது மாதிரி.

முதல் நிலைத் தேர்ச்சிக்கு நான்கு நாள் பயிற்சி. ஐந்தாம் நாள் பயிற்சி கொடுத்தவர் அல்லாத வேறொருவர் வந்து சோதிப்பார். அடுத்த நிலைக்குப் போகக் குறைந்தது ஓர் ஆண்டும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் கணக்கேட்டில் இருக்க வேண்டும். மூன்றாம் நிலைக்காரர்தான் மேற்பார்வையாளர்; அவர் இல்லாமல் கயிறே கட்டக் கூடாது. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி தேர்வு. நான் மூன்று நிலையும் எழுதினேன். இரண்டாவதில் ஒருமுறை தோற்றேன், மயங்கிய ஆளை மேலிருந்து இறக்கும் சோதனையில். தோற்றதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை அதை மறக்கவே இல்லை.

அந்தக் காப்புக் கயிறு எதற்கு என்று என் உடம்புக்கே தெரியும். ஒரு வணிகக் கட்டிடத்தின் பத்தொன்பதாவது மாடியில் சீலண்ட் அடைத்துக்கொண்டிருந்தேன். மேலே விளிம்பில் கயிற்றைச் சுற்றிய உறை, காற்றில் நான் பக்கவாட்டில் ஆடியபோது விலகிவிட்டிருக்கிறது. அலுமினியத் தகட்டின் ஓரம் வேலைக் கயிற்றை அறுத்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, தேங்காய் நார் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அடிவயிறு மேலே வந்தது. அதற்குள் காப்புக் கருவி கவ்விவிட்டது. இரண்டு முழம் இறங்கியிருப்பேன். மேற்பார்வையாளர் இன்னொரு கயிற்றில் வந்து பத்து நிமிடத்துக்குள் என்னைத் தரையில் சேர்த்தார். மறுநாள் பொங்கல் என்பதால் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நம் கைப்பிடிச் சுவரில் நான் பார்த்த நகர்ந்துபோன சாக்கு, அதே விலகிய உறைதான். அவனுக்குக் கவ்விப் பிடிக்க எதுவும் இல்லை, அது ஒன்றே வித்தியாசம்.

"சிங்கப்பூர்க் கதையை இங்கே சொல்லாதீர்கள்" என்று பொருளாளர் சொன்னார். சிங்கப்பூரில் அந்தக் கயிற்றில் தொங்கியது யார் ஐயா? மன்னார்குடியிலும் புதுக்கோட்டையிலும் இருந்து போன நாங்கள்தானே? அதே ஆள், அதே கை, அதே சோம்பல், வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற அதே அவசரம். அங்கே எங்களுக்கு இரண்டாவது கயிறு கிடைத்தது முதலாளி இரக்கப்பட்டதால் அல்ல. 2013இல் வந்த உயர வேலை விதிகளின்படி, மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆளை ஏற்ற முடியாது. கேட்பவர்கள் கேட்டதால் கிடைத்தது. இங்கே கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

இனி பணம். மூன்று கொட்டேஷன் வந்தது. ஒன்று இரும்புச் சாரம். இரண்டாவது, பயிற்சி பெற்ற ஆட்கள், இரட்டைக் கயிறு, மொட்டை மாடியில் கயிறு மாட்ட ஆங்கர் போல்ட் என்று விவரமாக எழுதியது. மூன்றாவதில் 'ரோப் ஆக்சஸ்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் விளக்கம் இல்லை. அதுதான் தேர்வானது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 8,96,000 ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறது. 224 வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 4,000. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கிற கட்டிடத்தில் இது ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்கும் குறைவு. அதுவும் முழுக்கச் செலவு இல்லை. ஆங்கர் போல்ட் ஒருமுறை போட்டால் கட்டிடத்தோடு இருக்கும். ஒழுகும் குழாய்க்கும் அடுத்த பெயிண்டிங்குக்கும் அதையே பயன்படுத்தலாம். பொதுக்குழுவில் இந்த வித்தியாசத்தை யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு சரக்கை வைத்து, விலை குறைந்ததை வாங்கிவிட்டோம். ஒப்பந்தக்காரரை மட்டும் நான் திட்டப் போவதில்லை. நாம் கேட்காத கயிற்றை அவர் தன் பையிலிருந்து வாங்கித் தருவார் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

'விபத்து ஏதும் நேர்ந்தால் ஒப்பந்தக்காரரே முழுப் பொறுப்பு' என்ற வரி இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த வரியை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து ஆண்டு வரை சிறை. யாருடைய கவனக்குறைவு என்பதை நம் ஒப்பந்தத்தின் ஒரு வரி தீர்மானிக்காது. பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் கட்டுமான வேலையே என்று 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே வரையறுத்திருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வெறும் பெயிண்ட் அடிப்புத்தானே என்று தட்டிக் கழிக்க முடியாது. இப்போது உங்களிடம் புகைப்படத்தோடு எழுத்து மூலமான எச்சரிக்கையும் இருக்கிறது. தெரியாது என்று இனிச் சொல்லவும் முடியாது.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. கயிறு அறுந்தால்தான் ஆபத்து என்றில்லை. மத்தியான வெயிலில் ஒருவன் மயங்கினால்? பெல்ட்டில் அசையாமல் தொங்கும் உடம்பில் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இடுப்புப் பெல்ட் என்றால் வயிற்றை இறுக்கி மூச்சையும் அடைக்கும். அதனால்தான் முழு உடம்பையும் தாங்கும் வார்க்கட்டு, அதாவது ஹார்னஸ், வேண்டும் என்கிறார்கள், அதனால்தான் இறக்குவதற்கான ஏற்பாடு அங்கேயே, அந்தக் குழுவிடமே இருக்க வேண்டும் என்கிறார்கள். சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசலைத் தாண்டித் தீயணைப்பு வண்டி நம் வாசலுக்கு எப்போது வந்து சேரும் என்று உங்களுக்கே தெரியும். கிழக்குப் பக்கத்தில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிளம்பிவிட்டால் ஒற்றைக் கயிற்றுப் பலகை பம்பரமாகச் சுற்றுகிறது. அதை எங்கள் பால்கனியிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

இந்தப் பழியில் குடியிருப்போருக்கும் பங்கு உண்டு, எனக்கும் சேர்த்துத்தான். கோடை வந்தால் ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் ஜன்னல் வழியே வெளியேறி, ஒன்றரை அடிச் சன்ஷேடில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காஸ் நிரப்புகிறார். "பார்த்து, பார்த்து" என்று உள்ளேயிருந்து சொல்கிறோம். போன ஏப்ரலில் என் மகள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நிலை மேற்பார்வையாளராக இருந்தவன் காலரைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

திங்கள்கிழமை பி பிளாக்கில் தொடங்குவதாக அறிவித்திருக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். நிறுத்துகிற நாட்களுக்கு அந்தத் தொழிலாளர்களின் கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என் வாயால் அந்தப் பையன் பட்டினி கிடப்பான், அடுத்த தெருவில் இதைவிட மோசமான கயிற்றில் ஏறுவான். கார் உறைக்கு ஒதுக்கிய 18,000 ரூபாயிலிருந்தே தொடங்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவசரப் பொதுக்குழுவைக் கூட்டி, மூன்று கொட்டேஷனையும் முழுமையாக எல்லோர் முன்பும் வையுங்கள். வித்தியாசத் தொகையை வீட்டுக்கு 4,000 ரூபாய் என்று தீர்மானத்துக்கு விடுங்கள். எங்கள் வீட்டுப் பங்கைக் கொடுக்க என் மகள் சம்மதித்துவிட்டாள், காசோலை தயாராக இருக்கிறது.

பணி ஆணையைத் திருத்தி எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு கயிறு, தனித்தனிப் பிடிமானம், முழு உடம்பு ஹார்னஸ், தலைக்கவசம், விளிம்புக்கு விலகாத உறை, வேலை முடியும்வரை மாடியைவிட்டு நகராத தகுதி பெற்ற மேற்பார்வையாளர், மயங்கியவரை இறக்க எழுதி வைத்த ஏற்பாடு, ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் விபத்துக் காப்பீடு. இந்த ஒவ்வொன்றும் அதில் சொல்லாக இருக்க வேண்டும். 'தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகளுடன்' என்ற பொத்தாம்பொதுவான வரியை எடுத்துவிடுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் வேலை இல்லை என்று சேருங்கள். இப்போதைய ஒப்பந்தக்காரரே இதற்கு ஒப்புக்கொண்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவரே செய்யட்டும், எனக்கு மறுப்பில்லை.

நான்கு பிளாக்கின் மொட்டை மாடியையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். எந்தத் தூண், எந்த உத்தரம் தாங்கும் என்று அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆங்கர் போட்டு, இழுத்துச் சோதித்து, எண் போட வேண்டும். கைப்பிடிச் சுவரிலும் தொட்டி ஸ்டாண்டிலும் குழாயிலும் கயிறு கட்டத் தடை என்று எழுதி ஒட்டுங்கள். ஏ.சி. மெக்கானிக்கும் பிளம்பரும் அதே ஆங்கரில் மாட்டிக்கொண்டுதான் வெளியே இறங்க வேண்டும் என்று குடியிருப்போருக்கும் விதி செய்யுங்கள். ஹார்னஸ் இரண்டைச் சங்கமே வாங்கி வைக்கட்டும். அதைப் போடவும் மாட்டவும் சொல்லிக் கொடுக்க நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

சனிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் பதில் தேவை. கட்டைவிரல் படம் பதிலாகாது. புகைப்படங்களின் அச்சுப் பிரதியைச் செயலாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு பி பிளாக் மொட்டை மாடியில் இருப்பேன். சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஏ பிளாக் ஏழாவது மாடியில் குடியிருப்பவன்